செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு மெட்ராஸ்

முதல் நாள்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயில் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது, 1969 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். இப்போது எட்டொன்பது கிலோமீட்டர் முன்னாலேயே லூக்கர்ஸ் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கி 99-ஆம் நம்பர் பஸ் பிடிக்க வேண்டும். எடின்பரோவில் வழியனுப்ப வந்த மகன் இதை மூன்று தடவை சொன்னான். நாலாவது தடவை சொல்வதற்குள் ரயில் கிளம்பிவிட்டது.

கிளம்பிக் கால் மணி நேரத்தில் ஃபோர்த் பாலம் வந்தது. என் வீட்டுக்காரர் பொதுப்பணித்துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். பாலம் என்றால் அவருக்குக் கோயில் மாதிரி. 1890-இல் திறந்தது, இரண்டரை கிலோமீட்டர் நீளம், செந்நிற எஃகு. உள்ளே போகும்போது பாலம் எங்கே தெரிகிறது? ஜன்னலில் குறுக்குச் சட்டங்கள் சடசடவென்று ஓடின, அவ்வளவுதான். "பாலத்தைப் பார்க்கணும்னா பாலத்து மேல போகக் கூடாது" என்று அலுத்துக்கொண்டார்.

நான்கு நாள் பயணத்துக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது நான்தான். எல்லாரும் கோல்ஃப் பார்க்க வருகிற ஊர். எனக்குக் கோல்ஃப் தெரியாது. ஆனால் இங்கே மெட்ராஸ் காலேஜ் என்று ஒரு பள்ளிக்கூடம் இருப்பதை வேலையில் இருந்த காலத்திலேயே படித்திருக்கிறேன். கும்பகோணம் பக்கத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றாமல் இருக்குமா?

தங்கியிருப்பது ஒரு பழைய கல் வீட்டின் மாடி அறை. வீட்டுக்காரப் பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். தேநீர் கொண்டுவந்து வைத்தவர், எந்த ஊர் என்று கேட்டார். கும்பகோணம் என்றால் புரியாதே என்று "மெட்ராஸ் பக்கம்" என்றார் இவர்.

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. "நானும் மெட்ராஸ் போனவன்தான்!"

"அப்படியா, எந்த வருஷம்?"

"அறுபதுகளில். ஆறு வருஷம்."

"ஆறு வருஷமா! எங்கே இருந்தீங்க? மைலாப்பூரா, எழும்பூரா?"

"சவுத் ஸ்ட்ரீட்டில்."

இவர் மெட்ராஸில் சவுத் ஸ்ட்ரீட் எங்கே இருக்கிறது என்று மனசுக்குள் தேட ஆரம்பித்துவிட்டார். எனக்கு அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஊரில் யாராவது "மெட்ராஸ் போனேன்" என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேன் என்று அர்த்தம். பெரியவர் ஸ்காட்லாந்தை விட்டு வெளியே போனது இரண்டே தடவையாம், இரண்டும் ஸ்பெயினுக்கு.

சாயங்காலம் கடலைப் பார்க்கப் போனோம். கடலைக் காணவில்லை. ஹார் என்று இங்கே ஒரு மூடுபனி. குளிர்ந்த கிழக்குக் கடலிலிருந்து திடீரென்று கிளம்பி ஊருக்குள் வந்துவிடுகிறது. அலைச் சத்தம் கேட்டது, உப்பு வாசனை வந்தது, கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் வெள்ளை. ஹேடாக் மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினோம்.

இரண்டாம் நாள்

காலையில் பனி விலகி நல்ல வெயில். வெயில் என்றால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிற வெயில்.

இந்த ஊரில் வழி தப்பவே முடியாது. நார்த் ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட், சவுத் ஸ்ட்ரீட் என்று மூன்று முக்கியத் தெருக்கள். மூன்றுமே கிழக்கே இருக்கிற தேவாலயத்தைப் பார்த்துப் போகின்றன. யாத்திரிகர்களுக்காகப் போட்ட ஊர். கடைசியில் போய்ச் சேர்ந்தால் தேவாலயம் இல்லை. கிழக்குச் சுவரின் இரண்டு கூர்கோபுரங்கள், மேற்கு வாசலின் ஒரு பாதி, தெற்குச் சுவர் ஒன்று, நடுவில் புல்தரை. தூண்கள் நின்ற இடத்தில் அடிக்கற்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன.

12-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்ட ஆரம்பித்து, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கட்டி, 1318-இல் ராபர்ட் த புரூஸ் மன்னர் முன்னிலையில் அர்ப்பணித்த கோயில் இது. ஏறக்குறைய 119 மீட்டர் நீளம். ஸ்காட்லாந்தில் இதைவிடப் பெரிய தேவாலயம் எழும்பியதே இல்லை. நடுவில் ஒரு புயலில் மேற்கு முகப்பு விழுந்து, அதைப் பின்னால் தள்ளித் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

எல்லாம் இயேசுவின் சீடர் அந்திரேயாவின் எலும்புகளுக்காக. கிரேக்க நாட்டுப் பத்ராஸிலிருந்து ரெகுலுஸ் என்ற துறவி, கனவில் வந்த கட்டளைப்படி எலும்புகளை எடுத்துக்கொண்டு பூமியின் கடைசிக்குப் புறப்பட்டாராம். கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய இடம் இது. ஒரு முழங்கால் சில்லு, ஒரு மேல்கை எலும்பு, மூன்று விரல்கள், ஒரு பல். எலும்புகள் 8-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹெக்ஸம் மடத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது வரலாற்றுக்காரர்கள் கணக்கு. எனக்குக் கப்பல் உடைந்த கதைதான் பிடித்திருக்கிறது. நேற்றுப் பார்த்த பனியில் எந்தக் கப்பலும் உடையும்.

1559 ஜூனில், கத்தோலிக்க சபையை எதிர்த்த ஜான் நாக்ஸ் என்ற பிரசங்கி ஊருக்குள் இருக்கிற ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் பிரசங்கம் செய்தார். கோயிலில் வியாபாரம் செய்தவர்களை இயேசு விரட்டியதுதான் பேச்சு. கேட்ட கூட்டம் மூன்றே நாளில் தேவாலயத்தில் இருந்த சொரூபங்களையும் பலிபீடங்களையும் காலி செய்துவிட்டது. அப்புறம் கட்டடத்தை யாரும் இடிக்கவில்லை, யாரும் பார்த்துக்கொள்ளவும் இல்லை. கூரைக் காரீயம் போனது, சுவர் சரிந்தது, ஊர்க்காரர்கள் வீடு கட்டக் கல் தேவைப்பட்டபோது வந்து எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது வீட்டுச் சுவர்களை உற்றுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நாங்கள் தங்கியிருக்கிற வீட்டின் பின்சுவரில்கூட, மற்ற கற்களுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஓரம் செதுக்கிய ஒரு கல் இருக்கிறது. பெரியவரிடம் கேட்டேன். "அது எப்பவும் அங்கேதான் இருக்கு" என்றார்.

பக்கத்திலேயே செயின்ட் ரூல் கோபுரம். தேவாலயத்துக்கும் மூத்தது, 33 மீட்டர். அந்த ரெகுலுஸ் பெயர்தான் ரூல் ஆகியிருக்கிறது. உள்ளே சுழல் படி, ஒருவர் ஏறினால் இன்னொருவர் ஒதுங்க முடியாது. எண்ணிக்கொண்டே ஏற ஆரம்பித்து எழுபதோடு விட்டுவிட்டேன். இவர் முழங்காலைக் காட்டிக் கீழேயே நின்றுகொண்டார். மேலே போனால்தான் மூன்று தெருக்களும் விசிறி மாதிரி தேவாலயத்தை நோக்கிக் குவிவது தெரிகிறது. கிழக்கே துறைமுகமும் கடலுக்குள் நீளும் கல் பாலமும். மேற்கே, ஊர் முடிகிற இடத்திலிருந்து வெளிர் மஞ்சளாக மணல், கண்ணுக்கு எட்டுகிற வரை.

கீழே இறங்கியபோது இவர் கல்லறைகளுக்கு நடுவில் ஒரு ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆள் அமெரிக்கர், கையில் கோல்ஃப் பந்து. டாம் மாரிஸ் கல்லறையில் வைக்க வந்திருக்கிறாராம். இங்கே அப்பா, மகன் இரண்டு டாம் மாரிஸும் இருக்கிறார்கள். அப்பா நான்கு தடவை ஓப்பன் போட்டியில் ஜெயித்தவர், இந்த ஊர் மைதானத்தைப் பல வருடம் பராமரித்தவர். மகனும் நான்கு தடவை, 1868, 1869, 1870, 1872. இடையில் 1871-இல் போட்டியே நடக்கவில்லை. 1875 செப்டம்பரில் அப்பாவும் மகனும் நார்த் பெர்விக்கில் ஆடிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது, பிரசவத்தில் மகனின் மனைவிக்கு ஆபத்து என்று. கடலைத் தாண்டிப் படகில் வந்து சேர்வதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அதே வருடம் கிறிஸ்துமஸ் அன்று அவரும் போய்விட்டார். 24 வயது. கையில் மட்டையோடு குனிந்து நிற்கிற சிலை சுவரில் இருக்கிறது. அறுபது கோல்ஃப் சங்கங்கள் பணம் போட்டுச் செய்தது. அப்பா அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருடம் உயிரோடிருந்தார். இந்த விளையாட்டைப் பற்றி எனக்கு இருந்த கேலியெல்லாம் அந்த இடத்தில் கொஞ்சம் அடங்கிப்போனது.

பிற்பகல் கோட்டை. கடல் விளிம்புப் பாறைமேல் ஆயர்களின் கோட்டை. இதன் கதை ரத்தக் கதை. 1546 மார்ச் 1 அன்று ஜார்ஜ் விஷார்ட் என்ற சீர்திருத்தப் பிரசங்கியை இந்த வாசலுக்கு எதிரே எரித்தார்கள். உத்தரவு போட்டவர் கர்தினால் டேவிட் பீட்டன். மே 29 காலையில், கோட்டையில் வேலை செய்த கொத்தர்களோடு கலந்து சில பேர் உள்ளே புகுந்து பீட்டனைக் குத்திக் கொன்று, உடலை ஊர் பார்க்கச் சுவரில் தொங்கவிட்டார்கள். அப்புறம் உப்புப் போட்டுச் சீசாச் சிறையில் வைத்தார்களாம். பாறையைக் குடைந்து செய்த கிடங்கு அது. வாய் குறுகல், அடி அகலம், ஏழு மீட்டர் ஆழம். விளக்கு போட்டு வைத்திருக்கிறார்கள். எட்டிப் பார்த்துவிட்டு உடனே தலையை இழுத்துக்கொண்டேன்.

கொன்றவர்கள் கோட்டையிலேயே ஒரு வருடத்துக்கு மேல் அடைந்து கிடந்தார்கள். வெளியே அரசுப் படை. சுவரை அடியில் தோண்டித் தகர்க்க அவர்கள் சுரங்கம் வெட்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் பாறைச் சத்தத்தை வைத்துத் திசை கண்டுபிடித்து எதிர்ச் சுரங்கம் வெட்டினார்கள். இரண்டும் இன்றும் இருக்கின்றன, உள்ளே போகலாம். முழங்கால் வலிக்காரர் எங்கே போனார் என்று தேடினால் எனக்கு முன்னால் குனிந்து தவழ்ந்துகொண்டிருந்தார்! உள்ளிருந்தவர்கள் அவசரத்தில் வெட்டியது குறுகல், வளைவு நெளிவு. இரண்டு இடத்தில் ஆரம்பித்துத் தப்பான திசை என்று விட்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரு துளை வழியாக இறங்கினால் படையாட்கள் வெட்டிய பெரிய சுரங்கம். நிமிர்ந்து நிற்கலாம். "பாரு, இவங்களுக்கு டைம் இருந்திருக்கு, ஆளும் இருந்திருக்கு. அவங்களுக்கு உயிர்ப் பயம். வெட்டினதுலயே தெரியுது" என்றார் இவர். சுத்தியல் கொத்து அப்படியே பாறையில் இருக்கிறது. அன்று முழுக்க எனக்கு மனதில் நின்றது தேவாலயம் இல்லை, இதுதான்.

சுரங்கமெல்லாம் வீண். 1547 ஜூலையில் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து கோட்டையைப் பிடித்தன. உள்ளே வந்து சேர்ந்திருந்த ஜான் நாக்ஸ் பத்தொன்பது மாதம் பிரெஞ்சுக் கப்பலில் துடுப்புப் போட்டார். பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து செய்த பிரசங்கம்தான் மேலே சொன்னது.

மூன்றாம் நாள்

ஞாயிற்றுக்கிழமை. கோல்ஃப் உலகத்தின் தலைநகரத்தில் ஞாயிற்றுக்கிழமை பழைய மைதானத்துக்கு விடுமுறை. வருடத்தில் சில பெரிய போட்டிகள் தவிர ஞாயிறு யாரும் ஆடுவதில்லை. ஊர் ஜனம் நாயோடும் குழந்தையோடும் மைதானத்தில் நடக்கிறது. உலகத்தில் எங்கெங்கிருந்தோ பேர் கொடுத்துக் குலுக்கலில் இடம் கிடைக்காதா என்று காத்திருக்கிற அதே புல்லில்! நாங்களும் நடந்தோம். ஸ்வில்கன் ஓடைமேல் ஒரு சின்னக் கல் பாலம். ஆடு மாடு ஓட்டிப் போகக் கட்டியது. அதன்மேல் நின்று படம் எடுக்க வரிசை நிற்கிறது. "இந்த வாய்க்காலுக்கு நாங்க ஒரு சிலாப் போட்டுட்டுப் போயிருப்போம்" என்று சொன்னவரும் வரிசையில் நின்றார்.

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான். இவ்வளவு நல்ல இடத்தை ஏன் விளையாட்டுக்கு விட்டார்கள்? நடந்தபோது புரிந்தது. காலுக்கு அடியில் புல், புல்லுக்கு அடியில் மணல். கடல் பின்வாங்கி விட்டுப்போன மணல்மேடுகள். உழ முடியாது, விதைக்க முடியாது. இப்படிப்பட்ட நிலத்துக்குத்தான் இங்கே லிங்க்ஸ் என்று பெயர். ஆடு மேயும், முயல் பொந்து போடும், துணி உலர்த்தலாம், பந்தும் அடிக்கலாம். மைதானத்தில் இருக்கிற மணல்குழிகள், காற்றுக்கு ஒதுங்கிப் படுத்த ஆடுகள் தேய்த்துப் பள்ளமாக்கியவை என்று சொல்கிறார்கள். ஆடு போட்ட வடிவத்தை மனிதன் மாற்றாமல் விட்டதுதான் புத்திசாலித்தனம்.

1457-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்தது. ஆட்கள் வில் பழகாமல் பந்தடிக்கிறார்களாம். தடை யார் காதிலும் ஏறவில்லை. 1552-இல் பேராயர் ஹாமில்டன், இந்த மணலில் முயல் வளர்க்கும் உரிமையை வாங்கிக்கொண்டு, ஊர்க்காரர்கள் ஆடும் உரிமையை எழுதிக் கொடுத்தார். முயலும் பந்தும் ஒரே நிலத்தில் என்றால் சண்டை வராமலா இருக்கும்? வந்தது, இருநூற்றைம்பது வருடம் கழித்து. 1797-இல் கடனில் முழுகின நகரசபை நிலத்தை விற்க, முயல் வியாபாரிகள் கைக்கு அது போனது. மைதானம் முழுக்கப் பொந்து. கோல்ஃப்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், முயல்களைக் கொன்றார்கள், அடிதடி நடந்தது. 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற பக்கத்து ஜமீன்தார் நிலத்தை வாங்கிய பிறகுதான் அடங்கியது. அவர் கோல்ஃப் ஆடுகிறவர்.

இன்று உலகமெங்கும் பதினெட்டுக் குழி என்றால் அதுவும் இந்த ஊர் வேலை. இங்கே போக வர 22 இருந்தது. 1764-இல் முதல் நான்கு குழிகள் ரொம்பச் சின்னது என்று இரண்டாக்கினார்கள், போகும்போது இரண்டும் வரும்போது இரண்டும் குறைந்து ஆட்டம் 18 ஆகிவிட்டது. சாஸ்திரம் ஒன்றும் இல்லை. மைதானத்தை ஒட்டி நிற்கும் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் 1754-இல் 22 கனவான்கள் ஆரம்பித்தது. பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பது என்று முடிவு செய்தது 2014-இல். 1914 என்று தப்பாகப் படித்துவிட்டோமோ என்று திரும்பப் பார்த்தேன். இல்லை, 2014-தான்.

அதற்காகப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. மட்டையைத் தோளுக்கு மேல் வீசுவது பெண்ணுக்கு அழகில்லை என்று சொன்ன காலத்தில், 1867-இல், பந்தைத் தள்ளி மட்டும் ஆடுகிற புல்தரை ஒன்றைத் தங்களுக்கென்று ஏற்படுத்திக்கொண்டார்கள். மேடும் பள்ளமுமாக இருப்பதால் அதற்கு ஹிமாலயாஸ் என்று பெயர்! சில பவுண்டு கொடுத்தால் யாரும் ஆடலாம், மட்டையும் பந்தும் அவர்களே தருகிறார்கள். நாங்கள் ஆடினோம். இமயமலை பேருக்குப் பொருத்தம்தான். பந்து மேட்டில் ஏறி, யோசித்து, திரும்பி நம் காலடிக்கே வருகிறது. பக்கத்தில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி ஒரே தள்ளில் போட்டுக்கொண்டு போனாள். இவர் சரிவையெல்லாம் கணக்குப் போட்டு, உட்கார்ந்து பார்த்து, கையால் அளந்து ஆடினார். நான் தோன்றியபடி தள்ளினேன். ஒன்பது தள்ளு வித்தியாசத்தில் ஜெயித்தேன். புல் ஈரமாக இருந்ததுதான் காரணம் என்று இப்போதும் சொல்கிறார்.

நடுப்பகலில் துறைமுகத்துக்கு நடந்தோம். பல்கலைக்கழக மாணவர்கள் ஞாயிறு வழிபாடு முடிந்து சிவப்பு மேலங்கியோடு கடல் பாலத்தின் நுனிவரை நடந்து, திரும்பும்போது ஒசத்தியான குறுகல் சுவரின் மேல் ஏறி வருகிறார்கள். காற்றில் சிவப்புத் துணி படபடக்க வரிசையாக வருவது பார்க்க அழகு. ஏன் நடக்கிறீர்கள் என்று ஒரு பையனைக் கேட்டேன். நடப்பார்கள், அவ்வளவுதான் என்றான்.

நாலாம் நாள்

மே 1. விடியற்காலை நாலரைக்குப் பெரியவர் கதவைத் தட்டினார். "பார்க்கணும்னு சொன்னீங்களே."

இந்தப் பல்கலைக்கழகம் 1413-இல் போப்பாண்டவரின் அங்கீகாரம் பெற்றது. ஆங்கிலம் பேசும் உலகில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கு அடுத்தது. நார்த் ஸ்ட்ரீட்டில் செயின்ட் சால்வேட்டர் கோபுர வாசல் தரையில் பி.எச். என்று கல்லில் எழுத்துப் பதித்திருக்கிறார்கள். பேட்ரிக் ஹாமில்டன், 1528 பிப்ரவரி 29 அன்று அங்கே எரிக்கப்பட்டவர். 24 வயது. ஈர விறகால் ஆறு மணி நேரம் எரிந்தது என்கிறார்கள். அந்த எழுத்தை மிதிக்கிற மாணவன் பரீட்சையில் தேற மாட்டான். மிதித்துவிட்டால் பரிகாரம் உண்டு. மே 1 சூரிய உதயத்தில் கடலில் முழுக வேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். போர்வையைப் போர்த்திக்கொண்டு இரவெல்லாம் விழித்த முகம். ஐந்தரை வாக்கில் கடலும் வானமும் சேருகிற இடம் சிவந்ததும் ஒரே கூச்சலோடு ஓடினார்கள். தண்ணீர் எட்டு ஒன்பது டிகிரிதான் இருக்கும். போன வேகத்தைவிடத் திரும்பின வேகம் அதிகம். நான் ஸ்வெட்டர்மேல் கோட், கோட்மேல் சால்வை. முப்பத்தைந்து வருடம் பரீட்சை நடத்தியவளுக்கு அந்தப் பயம் எந்த நாட்டிலும் ஒன்றுதான் என்று பார்க்கச் சிரிப்பாக இருந்தது. அத்தனை படித்த பிள்ளைகள்!

பிறகு ஒரு பேக்கரியில் ஃபட்ஜ் டோனட். ரொம்பப் பேர் பெற்றது. எனக்குத் தித்திப்பு அதிகம், இவர் இரண்டு சாப்பிட்டார்.

பத்து மணிக்கு சவுத் ஸ்ட்ரீட். மேற்கே ஊரின் பழைய வாசல், வெஸ்ட் போர்ட். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தெற்குப் பக்கம், இடிந்த பிளாக்ஃபிரையர்ஸ் மடத்தின் ஒரு துண்டு. அதற்குப் பின்னால் பெரிய கல் கட்டடம். அதுதான் பழைய மெட்ராஸ் காலேஜ். 2021-இல் பள்ளி ஊரின் மேற்கு ஓரத்தில் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. பெயர் மாறவில்லை. இந்தக் கட்டடம் இப்போது பல்கலைக்கழகத்தின் கையில். உள்ளே விடவில்லை. கம்பி வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன்.

ஆண்ட்ரூ பெல் 1753-இல் இந்தத் தெருவில் ஒரு நாவிதரின் மகனாகப் பிறந்தவர். இந்த ஊரிலேயே படித்து, அமெரிக்காவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து, 1787-இல் மெட்ராஸ் வந்தார். 1789-இல் எழும்பூரில் சோல்ஜர்களின் ஆதரவற்ற பையன்களுக்காக நடந்த விடுதியின் பொறுப்பு அவருக்கு. பெரும்பாலும் அம்மா இந்தியர், அப்பா வெள்ளைக்காரர். வாத்தியார்கள் சரியில்லை, பையன்களுக்கு எழுத்து ஏறவில்லை. ஒரு காலை குதிரையில் போகும்போது ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, பரப்பின மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை மலபார் பள்ளி என்று எழுதினார். அந்தக் காலத்து மெட்ராஸ் வெள்ளைக்காரர்கள் தமிழை மலபார் என்பார்கள். அவர் பார்த்தது நம் திண்ணைப் பள்ளிக்கூடம்.

விடுதிக்குத் திரும்பி அதையே செய்யச் சொன்னார். வாத்தியார்கள் முகம் சுளித்தார்கள். சரி என்று ஜான் ஃபிரிஸ்கின் என்ற எட்டு வயதுப் பையனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார். பையன் கற்றுக் கொடுத்துவிட்டான். பிள்ளைக்குப் பிள்ளை பாடம் சொல்கிற முறை என்று அதை 1797-இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஆயிரக்கணக்கில் மெட்ராஸ் முறைப் பள்ளிகள் வந்தன, மணல் தட்டோடு. நமக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? சட்டாம்பிள்ளை. வாத்தியார் வெற்றிலை போட்டுக்கொண்டு சாய்ந்திருக்க, மூத்த பையன் சின்னதுகளுக்கு "அ"னா "ஆ"வன்னா சொல்லிக் கொடுப்பது. என் அப்பா கிராமத்தில் அப்படித்தான் எழுத்துக் கற்றார். ஆற்று மணலில் விரல் நுனி தேய்ந்து எரியும், அப்படியும் விடமாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

பெல் 1832-இல் இறந்தபோது பள்ளிகளுக்காக 1,20,000 பவுண்டு வரை விட்டுப்போனார். அதில் பெரிய பங்கில் எழுந்தது இந்தக் கட்டடம், 1833-இல் திறந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பார்த்ததை எங்கே பார்த்தேன் என்று மறைக்காமல் எழுதியவர், பெயரையும் அப்படியே வைத்தார். ஆனால் அந்தத் திண்ணை வாத்தியாரின் பெயரை ஒரு வார்த்தை கேட்டு எழுதியிருக்கலாமே? எட்டு வயது ஜானின் பெயர் இருக்கிறது. அவர் பெயர் இல்லை. 1822-இல் கவர்னர் தாமஸ் மன்ரோ உத்தரவிட்ட கணக்கெடுப்பின்படி மெட்ராஸ் மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். அந்த ஆயிரக்கணக்கில் ஒன்றின் பிள்ளைகள் இந்தக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற கட்டடத்துக்கு முதல் கல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இவர் ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "கட்டு வேலை நல்லா இருக்கு" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

பஸ்ஸுக்கு முன்னால் பெட்டி எடுக்க வந்தோம். பெரியவர் விருந்தினர் நோட்டை நீட்டினார், உங்கள் மொழியில் எழுதுங்கள் என்று. நாலு வரி எழுதினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "இதில் மெட்ராஸ் எது?"

காட்டினேன்.

"முதல் எழுத்து?"

"மெ. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கொம்பு இருக்கு, அதை விடுங்க. இது ம."

பெரியவர் ஆள்காட்டி விரலை வைத்து நோட்டின்மேல் அதே வடிவத்தில் ஓட்டிப் பார்த்தார். தப்பு. வலது பக்கச் சுழியிலிருந்து ஆரம்பித்துவிட்டார். வாசலில் இவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அடுத்த பஸ் அரை மணி கழித்துத்தான்.

"அப்படி இல்லை, இடது பக்கம் மேலே இருந்து கீழே இறங்கணும்," என்று அவர் விரலைப் பிடித்து வைத்தேன். "இன்னொரு தடவை."